முதலாளியின் மணிவிழா மலர்

1944 பிப்ரவரி 24, வியாழன்

வருகிற மே பதினான்காம் தேதி முதலாளிக்கு மணிவிழா. மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். அதில் வாழ்க்கை வரலாற்றை நான் எழுத வேண்டும் என்று அவருடைய மருமகன் நடேசன் இன்று காலை என் மேஜைக்கே வந்து சொன்னார். "முப்பத்தொரு வருஷமா அவர் கூடவே இருக்கீங்க. உங்களை விட்டா யாரு இருக்கா பெரியவரே?" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக மறுக்காததால்தான் கூடவே இருக்கிறேன்.

மலருக்கு எழுதுவதை ஆபீஸ் காகிதத்தில் எழுதுவேன். உள்ளதை இந்த நோட்டில் எழுதுகிறேன். எதையும் தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே, மாசிலாமணி முதலியார், 'லோகசாட்சி' பத்திரிகையின் முதலாளி, இரண்டு வருஷமாகக் கருங்குளம் சமஸ்தானத்தின் உணவு, பிரசார மந்திரி, அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியவை:

1. அவருக்குப் பத்திரிகை நடத்தத் தெரியாது. காகிதம் பிடிக்கத் தெரியும்.
2. தம் பெயரில் வெளிவந்த தலையங்கம் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை. முதலில் நான் எழுதினேன். பிறகு தெய்வசிகாமணி எழுதினார்.
3. யுத்தம் வந்தபோது பதவி அவரைத் தேடி வரவில்லை. அவர்தான் போனார்.
4. தெய்வசிகாமணியைச் சிறைக்கு அனுப்பியவர் அவரே.
5. ஜனங்கள் பட்டினியால் சாவது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இல்லை என்று அச்சிடச் சொன்னார்.
6. அவருக்கு யார்மீதும் பயமில்லை. அதைத் தைரியம் என்று நான் தவறாக நினைத்திருந்தேன்.

ஆறையும் தேதிவாரியாக நிரூபிப்பேன். நிரூபிக்க முடியுமா என்று சந்தேகமும் இருக்கிறது.

பிப்ரவரி 26, சனி

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அரிசியில் பாதி குருணை. மண்ணெண்ணெய் அடுத்த வாரம் என்றார்கள்.

முதல் குறிப்பு. யுத்தம் தொடங்கிய மூன்றாம் வருஷம் பத்திரிகைக் காகிதம் கட்டுப்பாட்டுக்கு வந்தது. சமஸ்தானத்தில் அப்போது நான்கு பத்திரிகைகள் இருந்தன. காகிதம் பங்கிடும் அதிகாரம் பிரசார மந்திரிக்கு. இன்று இருப்பது ஒரு பத்திரிகை. மற்ற மூன்றும் தரம் குறைந்ததால் வாசகர்கள் கைவிட்டனர் என்று மலருக்கு எழுதினேன். எழுதிய கை என்னுடையதுதான்.

போர்மேன் மாடசாமி அட்டைப் படத்துக்கான பிளாக்கைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, மூஞ்சி ஒரு பக்கத்துல அடங்கிடுது. மூக்குக்குத்தான் தனியா ஒரு அனுபந்தம் போடணும்" என்றார். கம்போசிட்டர்கள் சிரித்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

பிப்ரவரி 27, ஞாயிறு

காலைப் பூசை. வேட்டி இரண்டு துவைத்தேன். ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 2, வியாழன்

செண்பகம் வந்திருந்தாள். தெய்வசிகாமணியின் மனைவி. ஆபீசுக்குள் அவளை விடக்கூடாது என்று உத்தரவு இருப்பதால் மாதா கோவில் வாசலில் நின்று சொல்லியனுப்பினாள். நான் போனேன்.

"நேத்துப் பார்த்துட்டு வந்தேங்கய்யா. துண்டுல ரத்தம். சிறை டாக்டரு வெத்தலைச் சாறுங்கறாரு. இவருக்கு வெத்தலையே பிடிக்காது."

ஆறாவது மனு எழுத வேண்டும் என்றாள். முந்தைய ஐந்தையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். சமஸ்தானப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவருக்கு வழக்கு கிடையாது, வக்கீல் கிடையாது. மனு ஒன்றுதான் உண்டு. மந்திரி மனசு வைத்தால் விசாரணைக் கமிட்டி கூடும்.

"மனு அங்க போய்ச் சேருதோ, அடுப்புக்குப் போகுதோ. நீங்க மலர் விசயமா அவரு பங்களாவுக்கே போறீங்களாமே. வாயால ஒரு வார்த்தை கேளுங்கய்யா. இந்தக் கோடையைத் தாண்டமாட்டாருய்யா அவரு."

ஆறாவது மனுவை அங்கேயே எழுதிக்கொடுத்தேன். கேட்கிறேன் என்றும் சொன்னேன். கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்தாள். வறுத்த கடலை. வேண்டாம் என்பதற்குள் போய்விட்டாள்.

மார்ச் 5, ஞாயிறு

நான்காவது குறிப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அதுதான் அவசரம்.

சென்ற வருஷம் செப்டம்பர் 9 இதழ். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஆறு வரி. மேலக்கரை கிராமத்தில் சர்க்கார் கொள்முதலுக்கு நெல்லை எடுத்துப்போன பதினெட்டாம் நாள் மூன்று பேர் பட்டினியால் இறந்தனர் என்ற செய்தி. எழுதியவர் பெயர் இல்லை. தணிக்கை அதிகாரி முதல் பக்கத்தை மட்டுமே படிப்பவர். புரூப் பார்த்தது நான். ஆறு வரியிலும் ஒரு பிழைகூட இல்லை.

அன்று பிற்பகல் இதழ்களைப் பறிமுதல் செய்தார்கள். 11ஆம் தேதி காலை இன்ஸ்பெக்டர் வந்தார். ஆபீஸ் பதிவேடு அவரிடம் காட்டப்பட்டது. மாலை நான்கு மணிக்குத் தெய்வசிகாமணியைக் கைது செய்தார்கள். உத்தரவில் மந்திரியின் கையெழுத்து இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பதிவேடு என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அது நான் ஏற்படுத்திய முறை. இதழில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி. எழுதியவர், அச்சுக் கோத்தவர், திருத்தியவர் என்று மூன்று பத்திகள். ஏதாவது தகராறு வந்தால் யார் பொறுப்பு என்று தெரியவேண்டும் அல்லவா? பத்தொன்பது வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கைதுக்கு முதல் நாள் தெய்வசிகாமணி எல்லோர் முன்னாலும், "ஐயாவோட பதிவேட்டைச் சித்திரகுப்தன் இரவல் கேட்டிருக்கானாம். அவன் கணக்குல வரி விட்டுப்போச்சாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வயதுக்கு அது இயல்பு.

மார்ச் 9, வியாழன்

பங்களாவுக்குப் போனேன். முதலாளி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். என்னை நிற்கவைத்தே பேசினார்.

"ஓய் சவரி, எங்கே பொறந்தேன்னு எழுதியிருக்கீர்?"

"மருதடியில், முதலாளி."

"மருதடி வேண்டாம். கருங்குளம்னு போடும்."

"மருதடிப் பள்ளிக்கூடத்தில் தாங்கள் படித்ததாகக் கல்வெட்டு இருக்கிறதே."

"அதை நாளைக்குப் பெயர்த்துடறேன். உமக்கு அதானே கஷ்டம்?"

நாவிதர் கத்தியை நிறுத்திக் காத்திருந்தார். அவருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பிறகு உணவு இலாகாவைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். 'பட்டினி' என்ற சொல் ஓர் இடத்தில் வந்திருந்தது. பட்டினியை ஒழித்தார் என்றுதான் எழுதியிருந்தேன்.

"அடியும். அப்படி ஒண்ணு இருந்தாத்தானே ஒழிக்கிறதுக்கு? என் இலாகாவிலே பட்டினி கிடையாது. சத்துக்குறைவுதான் உண்டு. அதுவும் ஜனங்க சமைக்கத் தெரியாததாலே."

"சரிங்க, முதலாளி."

"நீர் நல்ல நாய் ஓய். குரைக்கிறதில்லை. அதான் வச்சிருக்கேன்." கண்ணாடியில் தம் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 10, வெள்ளி

தெய்வசிகாமணியைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 15, புதன்

மூன்றாவது குறிப்பு. 1941இல் திவான் பிறந்த நாளுக்கு 'லோகசாட்சி' பன்னிரண்டு பக்க அனுபந்தம் போட்டது. திவானின் பாட்டனாருக்குப் படம் இல்லாததால் வேறொருவருடைய பாட்டனார் படத்தைப் போட்டோம். மீசை பொருந்தியது. மறு வருஷம் மந்திரி பதவி வந்தது.

இரண்டாவது குறிப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் முழுக்கத் தெரியும். தலையங்கம் எழுதிய பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் பாராட்டியதில்லை. தெய்வசிகாமணி வந்து எழுதிய முதல் வாரத்திலேயே வாசகர் கடிதங்கள் வந்தன. என்னைப் புரூப் மேஜைக்கு மாற்றினார்கள். புரூப் மேஜைதான் எனக்குப் பொருத்தமானது. இதில் எனக்கு வருத்தம் கிடையாது.

மார்ச் 21, செவ்வாய்

செண்பகம் மறுபடி வந்தாள். நான் இன்னும் கேட்கவில்லை என்பதைச் சொல்லாமல், "மந்திரி வெளியூர் போயிருக்கிறார்" என்றேன். உண்மையில் மூன்று நாள் போயிருந்தார். திரும்பிவந்து நான்கு நாள் ஆகிறது.

"இவரு இன்னொண்ணு சொன்னாருங்கய்யா. பிடிச்சிட்டுப் போன அன்னிக்கு வண்டியில அந்த இன்ஸ்பெக்டரே சொன்னானாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, உங்க ஆபீஸ்லயே ஒருத்தரு வரியைக் காட்டிக் குடுத்தாருன்னு. யாரா இருக்கும்?"

"மந்திரியின் ஆள் யாராவது இருப்பான், அம்மா."

"நடேசனா?"

"இருக்கலாம்."

"அவன் கை அழுகிப் போகும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அரிசி விலை சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 6, வியாழன்

பெரிய வியாழன். பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், சோம்பல், முதலாளியைப் பற்றிய கெட்ட எண்ணங்கள் ஆகியவற்றைச் சொன்னேன். பங்குச் சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சிறையிலிருந்து ஒரு வார்டர் மாடசாமியிடம் சொன்னாராம்: தெய்வசிகாமணியைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறைக்குப் போனவர்கள் யாரும் நடந்து வெளியே வந்ததில்லையாம்.

நாளை பங்களாவுக்குப் போகவேண்டும். கேட்டுவிடுவேன்.

ஏப்ரல் 12, புதன்

கேட்டேன்.

முதலாளி என் அத்தியாயத்தின் புரூப்பைக் கையில் வைத்திருந்தார். எதிரில் நின்றேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் நான்கு விதமாக அமைத்துவைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தெய்வசிகாமணிக்கு உடம்பு சரியில்லை, முதலாளி."

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். காரியதரிசியை வெளியே போகச் சொன்னார்.

"ஏழு மாசம் ஆச்சு ஓய், உமக்கு இதைக் கேக்க. நான்தான் அவனைப் பிடிச்சுப் போட்டேன்னு ஊர் பூரா பேசுது. நீரும் அப்படித்தான் நினைக்கிறீரா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயைத் திறந்து சொல்லும்."

"உத்தரவில் தங்கள் கையெழுத்து இருக்கிறது."

"இருக்கு. நாய் லைசென்ஸிலேகூட என் கையெழுத்து இருக்கு. அதனாலே நான் நாய் வளர்க்கிறேன்னு அர்த்தமா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேளும். அன்னிக்கு திவான் கூப்பிட்டனுப்பினார். உம்ம பத்திரிகையிலேயே உம்ம இலாகாவை நாறடிச்சிருக்கான், யாரவன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளியூர்த் தந்தி, ஏஜென்சிக்காரன் அனுப்பினது, கவனக்குறைவா போட்டுட்டாங்கன்னேன். எனக்குத் தெரியாதா அது எவன் எழுத்துன்னு? அவன் தலையங்கத்துக்குக் கீழே ஆறு வருஷமா என் பேரைப் போட்டிருக்கேன். ஆனா என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் எனக்கு எதிரா எழுதினான்னு வெளியே தெரிஞ்சா அன்னிக்கே என் உத்தியோகம் போச்சு. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, பதிவேட்டிலே தந்தின்னு போட்டிருக்கிற ஒரு வரியைப் பார்த்துக் குறிச்சுட்டு வாடா, அவ்வளவுதான் உன் வேலைன்னேன். அவன் போனான். தந்தின்னு இருந்த வரியிலே விரலை வச்சான். அப்புறம் என்ன நடந்தது? நீரே சொல்லும்."

அவர் கீழே வைத்த புரூப்பை எடுத்து, ஓரங்களை நேராக்கி மேஜையில் வைத்தேன்.

"சொல்லமாட்டீர். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்ததை நான் வச்சிருக்கேன். அப்போ பக்கத்திலே திவான் ஆபீஸ் குமாஸ்தா வேற நின்னிருக்கான். அதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடாம என்ன செய்யறது? உம்மை அன்னிக்கே துரத்தியிருக்கணும். பயந்தவன் ஒருத்தன் ஆபீசிலே இருக்கட்டும்னு விட்டேன்."

பிறகு, என்ன செய்தால் தெய்வசிகாமணி வெளியே வரலாம் என்று சொன்னார். பதிவேடு வைத்திருந்தவர் எழுத்துமூலம் சொல்ல வேண்டும்: எழுதியவர் என்ற பத்தியில் பெயர் போட்டது வெறும் ஊகம், அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரிடம் அந்த வரியைக் காட்டியவனும் நானே. கமிட்டியில் அது எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும்.

"அவன் பெஞ்சாதியும் இருப்பா. அன்னியோட உமக்கு ஆபீஸ் கிடையாது. பொய்ப் பதிவேடு வச்ச ஆளை நான் வச்சுக்க முடியாது பாரும். ஒண்ணு மட்டும். என்னமோ தர்மம் பண்றேன்னு நினைச்சுடாதீர். அவன் செத்தா மணிவிழாவுக்குப் பலி கொடுத்தான்னு பேசுவானுக. அதான்."

பிறகு புரூப்பை எடுத்து, தம் படிப்பைப் பற்றி இன்னும் இரண்டு பாரா வேண்டும் என்றார்.

ஏப்ரல் 13, வியாழன்

வருஷப் பிறப்பு. விடுமுறை. வெயில் அதிகம். படுத்திருந்தேன்.

ஏப்ரல் 15, சனி

மண்ணெண்ணெய் கிடைத்தது. படிப்பைப் பற்றி இரண்டு பாரா எழுதினேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும்.

செப்டம்பர் 11 காலை பத்து மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருடன் திவான் ஆபீஸ் குமாஸ்தா. பதிவேடு வைத்திருப்பவர் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். "உட்காருங்க ஐயா" என்றார். போலீஸ்காரர் ஒருவர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. "பிரமாதமான முறையா இருக்கே. எங்க ஸ்டேஷன்ல இப்படி ஒண்ணு இல்லையே" என்றார். கம்போசிட்டர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி அப்போது வெளியே காப்பி குடிக்கப் போயிருந்தார். அவரும் இதைக் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆம், தோன்றியது.

அப்போது அச்சு யந்திரம் ஓடத் தொடங்கியதால் பிறகு பேசியது எங்கள் மூவருக்கு மட்டும்தான் கேட்டது. பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். அவர் விரலை மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டு வந்து ஒரு வரியில் நிறுத்தினார். அது பர்மா செய்தி. எழுதியவர் பத்தியில் 'ஏஜென்சித் தந்தி' என்று நான் போட்டிருந்தேன். "இதுதானே? தந்திச் செய்தி. சரி, குறிச்சுக்கறேன்" என்று பென்சிலை எடுத்தார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

"அந்த வரி இல்லை, சார். அடுத்த வரி" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை. "நல்லாப் பாருங்க. இதுதானே?" என்று மறுபடி அதே வரியைக் காட்டினார். நான் அவருக்குப் பார்வை போதவில்லை என்று நினைத்து, என் விரலால் அடுத்த வரியைத் தொட்டு, பெயரையும் படித்துக் காட்டினேன். குமாஸ்தா எட்டிப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

பயத்தால் செய்தேன் என்று இத்தனை மாதமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என் பதிவேட்டைத் திறந்தார். அதைத் தவறாகப் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம். கமிட்டியில் வாசிக்கும்போது முதல் முதலாக அவள் கேட்கக்கூடாது என்று தோன்றியதால் செண்பகத்தின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். தானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். முடிவுக்கு வந்தபின் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அப்ப நடேசன் இல்லை."

"இல்லை, அம்மா."

"ஆறு மனு எழுதிக் குடுத்தீங்க. ஒவ்வொண்ணுலயும் 'யாரோ ஒரு விஷமி கொடுத்த தகவலின்பேரில்'னு எழுதினீங்க. எனக்கு வாசிச்சும் காட்டுனீங்க."

"ஆமாம்."

"எழுதறப்ப கை நடுங்கலையா?"

இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அந்தத் தொடர் மனுவுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது.

அவள் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள். "நானே கொண்டு குடுக்கறேன். உங்ககிட்ட இருந்தா மனசு மாறும்" என்றாள். நான் எழுந்தபோது, "கடலை தின்னீங்களா?" என்று கேட்டாள். தின்றேன் என்றேன். அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்வரை தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

ஆபீசில் செய்தி பரவிவிட்டது. என் மேஜைக்கு யாரும் வரவில்லை. புரூப்களைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். குனிந்து எடுத்துக்கொள்கிறேன். மாடசாமி மட்டும் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "நாங்கல்லாம் இத்தனை நாளா மருமகன் காப்பியில துப்பிக் குடுத்துக்கிட்டிருந்தோம்யா." பிறகு அவரும் போய்விட்டார்.

மே 2, செவ்வாய்

இன்று கமிட்டி கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வலது பக்கம் முதலாளி, இடது பக்கம் திவான் ஆபீஸ் அதிகாரி ஒருவர். தெய்வசிகாமணியை இரண்டு வார்டர்கள் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத் தெரிந்துகொண்டேன். செண்பகம் சுவரோரம் நின்றாள்.

என் கடிதத்தைக் குமாஸ்தா வாசித்தார். சொற்களை எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாமல் வாசித்தார். தெய்வசிகாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை, அது என் ஊகமே' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"ஊகமெல்லாம் இல்லை. பெரியவர் பதிவேடு சரிதான். அந்த ஆறு வரியும் நான் எழுதினது. நான் மேலக்கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதினது. மூணு பேரு செத்தது நிஜம்."

குரல் பெஞ்சைத் தாண்டி வரவில்லை. அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. நான் பக்கத்தில் நின்றதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. செண்பகத்துக்கும் கேட்டது. அவள் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

திவான் ஆபீஸ் அதிகாரி பேனாவை எடுத்தார். "கைதி ஏதோ சொன்னாரே?"

"காய்ச்சல். நூத்திரண்டு டிகிரி. காலையிலேர்ந்து பிதற்றல்தான்" என்றார் முதலாளி. அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீர் பக்கத்தில் நிற்கிறீரே. அவர் சொன்னது உமக்குக் கேட்டதா?"

தெய்வசிகாமணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று அவர் காத்திருந்தார். அவருக்கு அது வேண்டும். அந்த ஆறு வரிக்குத் தாம்தான் பொறுப்பு என்பதைத் தவிர அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லை. செண்பகம் என் வாயைப் பார்த்தாள்.

"எனக்குக் காது மந்தம், ஐயா. ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.

அதிகாரி பேனாவை மூடினார். வைத்திய காரணத்துக்காக விடுதலை என்று நீதிபதி உத்தரவு எழுதினார். மூன்று பேர் செத்தது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

வெளியே குதிரை வண்டி நின்றது. தெய்வசிகாமணியைத் தூக்கி ஏற்றினார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர் என்னை அருகில் வரச் சொல்லிச் சைகை செய்தார். போனேன்.

"ரெண்டு தடவை" என்றார். "ரெண்டு தடவையும் நீர்தான் ஓய்."

செண்பகம் வண்டியின் படுதாவை இறக்கிவிட்டாள்.

மே 3, புதன்

என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பதிவேடுகள் பத்தொன்பதையும் எடைக்குப் போட நடேசன் உத்தரவிட்டார். சாவியை ஒப்படைத்தேன்.

மே 14, ஞாயிறு

மணிவிழா. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகவே போனது. யானை, இரண்டு நாதஸ்வர கோஷ்டி. முதலாளி சால்வையோடு திறந்த காரில் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு என்று பேசிக்கொண்டார்கள். அரிசி எங்கிருந்து வந்தது என்பதை ஐந்தாவது குறிப்பின் கீழ் எழுதவேண்டும். கொள்முதல் கிடங்கிலிருந்து நாற்பது மூட்டை வந்ததாக வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். நேரில் பார்க்காததால் அவர் சொன்னதாகவே எழுதுகிறேன்.

மாலை மாடசாமி மலரின் ஒரு பிரதியைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். கூப்பிடவில்லை. வாழ்க்கை வரலாறு பதினாறு பக்கம். என் வாக்கியங்கள்தான். எழுதியவர் நடேசன் என்று இருக்கிறது. கருங்குளத்தில் பிறந்தார் என்று இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு அச்சுப் பிழைகள் கண்ணில் பட்டன. அப்படியே விட்டேன்.

தெய்வசிகாமணியை அவருடைய மாமனார் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலைக்காற்று நல்லது என்று சொன்னார்களாம். நேற்று அரை டம்ளர் பால் இறங்கியதாக மாதா கோவில் வாசலில் பூ விற்கும் அந்த ஊர்க்காரி சொன்னாள். நான் விசாரித்தது செண்பகத்துக்குத் தெரியவேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரியில் எழுதிய ஆறு குறிப்புகளையும் இப்போது மறுபடி படித்தேன். முதலாளியைப் பற்றி ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. அவர் நான் நினைத்ததைவிட மோசமானவர். ஆனால் அவர் சொன்ன பொய்யால் தெய்வசிகாமணி வீட்டில் இருந்திருப்பார்.

நான்காவது குறிப்பு தவறு. அவரைச் சிறைக்கு அனுப்பியது முதலாளி அல்லர். நான்.